இரண்டு கிலோ விதை நெல்லும் ஒரு நட்பும்

டிசம்பர் மாதம் வந்தால் நம்ம உழவர் இயக்கத்துக்காரர்களுக்கு நாட்காட்டியில் மூன்று தேதிகள் கனமாக இருக்கும். 6ஆம் தேதி நெல் ஜெயராமன் போன நாள். 21ஆம் தேதி நாராயணசாமி நாயுடு போன நாள். 30ஆம் தேதி நம்மாழ்வார் ஐயா போன நாள். வருஷங்கள் வேறு வேறு. நாயுடு 1984, ஐயா 2013, ஜெயராமன் 2018. படத்துக்கு மாலை, கூட்டம், பேச்சு என்று மாதம் முழுக்க ஓடிவிடும். மூன்று பேரையும் தலைவர்களாகத்தான் மேடையில் பேசுகிறோம். அது சரிதான், பேச வேண்டியதுதான்.

இந்தத் தடவை நான் எழுத நினைப்பது 6க்கும் 30க்கும் நடுவில் இருக்கிற உறவைப் பற்றி. நம்மாழ்வாரும் ஜெயராமனும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கூட வேலை பார்க்கிற ஒருத்தர் எப்படி நெருங்கின சிநேகிதர் ஆகிறார், இரண்டு பேரில் ஒருத்தர் போன பிறகு மற்றவர் அவரை எப்படி நினைத்துக்கொண்டார் என்பதுதான் விஷயம்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் 34 வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். இப்போது கொண்டப்பநாயக்கன்பட்டியில், சேர்வராயன் மலை அடிவாரத்தில், இரண்டரை ஏக்கரில் நிஜமாகவே குப்பை கொட்டுகிறேன். மாட்டுக் குப்பை.

வங்கியில் சிநேகிதத்துக்குப் பஞ்சம் கிடையாது. காலையில் கேஷ் கவுண்ட்டர் திறப்பதில் இருந்து சாயங்காலம் கணக்கு நேராகும் வரை ஒன்றாகவே இருப்போம். பத்து ரூபாய் இடித்தால் ராத்திரி எட்டு மணி வரைக்கும் எல்லோரும் சேர்ந்து தேடுவோம். ஒருத்தர் வீட்டுக் கல்யாணம் என்றால் மொத்தக் கிளையும் வேன் பிடித்துப் போகும். ஆனால் மூன்று வருஷத்தில் மாறுதல் உத்தரவு வந்துவிடும். புது ஊர், புதுக் கிளை, புது சிநேகிதம். பழையது பொங்கல் வாழ்த்தோடு நின்றுவிடும். பணி நிறைவு நாளில் சால்வை, பழத்தட்டு, ஒரு சுவர்க் கடிகாரம். மறுநாள் நம்ம நாற்காலியில் வேறொருத்தர் உட்கார்ந்திருப்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லைங்க. வேலை சேர்த்து வைத்தது, வேலை முடிந்ததும் பிரிந்தோம். பெரும்பாலான ஆபீஸ் சிநேகிதத்தின் ஆயுள் அவ்வளவுதான்.

எனக்கு அதில் தப்பிப் பிழைத்தது ஒன்றே ஒன்று. ஒரு கிராமக் கிளையில் வேளாண் அலுவலராக என்னோடு இருந்தவர். "என் பேரைப் போட்டுறாதீங்க சார்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அலுவலர் என்றே எழுதுகிறேன். பயிர்க்கடன் கொடுத்த வயல்களைப் பார்க்க அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவேன். நான் சிட்டா அடங்கலைப் புரட்டுவேன். அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்து பார்ப்பார். மாறுதலில் ஆளுக்கொரு திசையாகப் போனோம். நான் ஓய்வு பெற்று நிலம் வாங்கிய செய்தி தெரிந்து ஒருநாள் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ் இல்லை, ஒரு துணிப்பை. உள்ளே 2 கிலோ ஆத்தூர் கிச்சிலி சம்பா விதை நெல்.

"அடுத்த வருஷம் நாலு கிலோவா திருப்பிக் குடுத்துருங்க சார்" என்றார். காலமெல்லாம் கடன் கொடுத்தே பழகியவனுக்கு, ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் கடன் அதுதான்.

இந்த இரண்டுக்கு நாலு என்ற கணக்கு அலுவலர் கண்டுபிடித்தது இல்லை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் இருந்த நடைமுறை அது. அங்கே விதை வாங்கிய யாரோ ஒருத்தர் கொடுத்து, அவரிடம் இன்னொருத்தர் வாங்கி, இப்படிக் கை மாறிக் கை மாறித்தான் எங்க மலை அடிவாரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்கே ஆரம்பம் என்று தேடிப் போனால் 2003ஆம் வருஷத்து ஒரு நடைபயணத்தில் போய் நிற்கும். அதற்கு முன்னால் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

குடும்பம் என்று பெயர் வைத்தவர்

1938 ஏப்ரல் 6இல் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்தார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தார், 1963இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இதெல்லாம் நம்ம வாசகர்களுக்கு மனப்பாடம். நான் நின்று பார்ப்பது அடுத்த இடத்தை. மானாவாரி உழவனால் வாங்க முடியாத உரத்தையும் விதையையும் வைத்துக்கொண்டு ஆராய்ச்சி நடத்தி யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற கேள்வி அவருக்கு அந்த நிலையத்திலேயே வந்துவிட்டது. 1969இல் வேலையை விட்டார்.

வங்கிகளை அரசுடைமை ஆக்கியதும் அதே 1969தான், ஜூலை 19. அதற்குப் பிறகு கிராமம் கிராமமாகக் கிளைகள் திறந்தார்கள். படித்த பையன்கள் எல்லாம் அரசு வேலை, வங்கி வேலை என்று வரிசையில் நின்றோம். நானும் அந்த வரிசையில் பின்னால் வந்து நின்றவன்தான். நாங்கள் உள்ளே போக நின்ற வாசல் வழியாக ஒரு மனுஷன் வெளியே வந்திருக்கிறார்.

அடுத்த பத்து வருஷம் களக்காட்டில். 1958இல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கிய பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் டொமினிக் பியர் தொடங்கிய 'அமைதித் தீவு' அமைப்பின் திட்டம் அது. உழவர்களுக்குக் கிணறு, நல்ல விதை, உரம் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. அங்கேதான் ஒன்றைக் கண்டார். வெளியில் இருந்து காசு கொடுத்து வாங்குகிற இடுபொருளை நம்பி நடக்கிற விவசாயத்தில் செலவு எப்போதும் வரவுக்கு முன்னால் ஓடுகிறது.

1979இல் நண்பர்களோடு சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'குடும்பம்'. புதுக்கோட்டை மாவட்டத்தில் அவர்கள் உருவாக்கிய பண்ணைக்குப் பெயர் கொழுஞ்சி. தழை உரத்துக்கு நம்ம வரப்பில் தானாக முளைக்கிற அதே கொழுஞ்சி. எனக்கு இந்த இரண்டு பெயர்கள் மேலும் தனிப் பிரியம் உண்டு. அமைப்பு என்றால் தலைவர், செயலாளர், பணியாளர் என்று அடுக்கு வரும். குடும்பம் என்று சொல்லிவிட்டால் பணியாளர் எங்கே வருவார்? அண்ணன் தம்பி, மாமன் மச்சான்தான் வருவார்கள். சண்டையும் வரும், வராமல் இருக்குமா. ஆனால் மாறுதல் உத்தரவு வராது.

கடைமடையில் இருந்து தலைப்புக்கு

2003ஐ நினைவிருக்கிறதா? காவிரியில் தண்ணீர் வராமல் டெல்டாவில் குறுவை போய், சம்பாவும் தள்ளாடிக் கிடந்த காலம். அந்த வருஷம் நம்மாழ்வார் பூம்புகாரில் இருந்து கல்லணை வரைக்கும் நடந்தார். இரண்டு ஊர்களையும் மனதில் வைத்துப் பாருங்கள். பூம்புகார் ஆறு கடலில் சேருகிற இடம். கல்லணை தண்ணீர் பிரிகிற இடம். கடைமடையில் இருந்து தலைப்பைப் பார்த்து நடை. வழியெல்லாம் ஊர் ஊராக உழவர்களை உட்கார வைத்து, ரசாயனம் இல்லாத விவசாயம் பற்றிப் பேச்சு.

கூட நடந்தவர்களில் ஒருத்தர் ஜெயராமன். திருத்துறைப்பூண்டி பக்கம் கட்டிமேடு கிராமத்துக்காரர். வேளாண்மைப் பட்டம் பெற்றவர் இல்லை. நுகர்வோர் உரிமைக்காக வேலை பார்த்தவர். கடையில் வாங்குகிற பொருளில் கலப்படம் இருக்கிறதா, எடை சரியா என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள், தட்டில் விழுகிற சோறு எந்த விதையில் இருந்து வந்தது என்று கேட்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் 'நமது நெல்லைக் காப்போம்' இயக்கத்துக்குத் தமிழ்நாட்டு ஒருங்கிணைப்பாளராக இருந்தார். நடைபயணத்தின்போது ஐயாவுக்கு 65 வயசு. ஜெயராமனுக்கு 35 வயசு இருக்கும். அப்பா மகன் வயசு வித்தியாசம்.

நடைபயணம் ஆளைப் பழக வைப்பது போல அலுவலகம் பழக வைக்காது. பத்து வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர் குறட்டை விடுவாரா மாட்டாரா என்று நமக்குத் தெரியாது. நடக்கும்போது எல்லாம் தெரிந்துவிடும். செருப்பு அறுந்தால் யார் நிற்கிறார், சோறு பத்தாவிட்டால் யார் கையை இழுத்துக்கொள்கிறார் என்பதெல்லாம் இரண்டு நாளில் வெளிச்சம்.

அந்த நடையில் உழவர்கள் சிலர் தாங்கள் விடாமல் வைத்திருந்த பழைய நெல் வகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். காட்டுயானம் போன்றவை அப்படிக் கைக்கு வந்தவை. யானை உள்ளே நின்றால் தெரியாத உயரம் வளரும் என்று பெயரிலேயே சொல்லுகிற நெல். ஆறு மாசப் பயிர். அந்த விதைகளைப் பெருக்கும் வேலை ஜெயராமனிடம் வந்து சேர்ந்தது. அதோடு அவர் வாழ்க்கையும் மாறிப்போனது. ஐயா அவருக்கு வைத்த பெயர்தான் 'நெல்'. இனிஷியல் போல ஒட்டிக்கொண்டது. ஒருத்தர் செய்கிற வேலையையே அவருக்குப் பெயராக வைப்பது, கூட வேலை செய்கிறவர் மட்டும் கொடுக்கக்கூடிய மரியாதை என்று நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்து நாகப்பட்டினம் பக்கம் வயலெல்லாம் உப்பானபோது, ஐயா அங்கே போய்த் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழச் சொல்லி நிலத்தை மீட்டுக் கொடுத்தார். உவர் தாங்கி வருகிற குழியடிச்சான் மாதிரி நெல் எதற்கு வேண்டும் என்பது அப்போது சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை. கடலோரத்து உழவனுக்கு அது உயிர் பிழைக்கிற வழி.

ஒரு வங்கிக்காரனின் கணக்கு

2006 வாக்கில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா தொடங்கியது. வருகிற உழவர்களுக்கு ஆளுக்கு 2 கிலோ மரபு நெல் விதை. காசு கிடையாது. அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஜாமீன்தார் இல்லை, புரோநோட் இல்லை, அடங்கல் நகல் இல்லை.

அலுவலர் இதைச் சொன்னபோது என் வங்கிப் புத்தி, "நூத்துக்கு நூறு வட்டியா?" என்றுதான் முதலில் கேட்டது. பிறகு ஒருநாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாசகர்களும் போட்டுப் பாருங்கள்.

ஆயிரம் நெல்மணி 20 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோவில் ஒரு லட்சம் மணி. நூற்றுக்கு 80 முளைத்தால் 80,000 நாற்று. ஒற்றை நாற்று நடவில் 25 சென்டிமீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 65,000 குத்துத்தான் பிடிக்கும். ஆக, வழக்கமாக ஏக்கருக்கு 30 கிலோ விதை விடுகிற இடத்தில், அந்தச் சின்னத் துணிப்பை ஒரு ஏக்கருக்குப் போதும், மிச்சமும் இருக்கும். என் வயலில் முதல் வருஷம் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 14 மூட்டை வந்தது. 1,050 கிலோ. திருப்ப வேண்டியது 4 கிலோ. நூறு கிலோவுக்கு அரைக் கிலோ கூட இல்லை. பணத்தில் கொள்ளை வட்டியாகத் தெரிவது விதையில் பிள்ளையார் சுழி மாதிரி.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். நூறு பேருக்கு ஆளுக்கு 2 கிலோ கொடுக்கிறீர்கள். மொத்தம் 200 கிலோ. அடுத்த வருஷம் ஐம்பது பேர் வரவே இல்லை. வந்த ஐம்பது பேர் ஆளுக்கு 4 கிலோ கொடுக்கிறார்கள். மறுபடியும் 200 கிலோ. இருப்பு குறையவே இல்லை! பாதிப் பேர் ஏமாற்றினாலும் மூழ்காத கடன் திட்டம் ஒன்றை என் 34 வருஷத்தில் நான் பார்த்தது கிடையாது. எங்க கிளையில் நூற்றுக்கு ஐந்து கணக்கு நின்றாலே மண்டல அலுவலகத்தில் இருந்து போன் வந்துவிடும். பயிர்க்கடனில், குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம் தாண்டி நிலுவை என்றால் வாராக் கடன் பட்டியலில் ஏற்ற வேண்டும் என்பது விதி. அதிலும் ஐம்பது சதவீதம் வாராக் கடன் என்றால் கிளையையே மூடி விடுவார்கள்.

எல்லோரும் நேர்மையாகத் திருப்பினால் என்ன ஆகும்? 2 கிலோ பத்து வருஷத்தில் 2,048 கிலோ. இரண்டு டன்.

திருப்பாதவர் விஷயத்திலும் ஒன்று இருக்கிறது. பணத்தைத் திருப்பாதவன் செலவழித்திருப்பான். விதையைத் திருப்பாதவனில் பலபேர் விதைத்திருப்பார்கள். ஜெயராமன் பேரேட்டில் வராவிட்டாலும் அந்த நெல் எங்கேயோ ஒரு வயலில் நின்றுகொண்டிருக்கும். அந்த ஏற்பாட்டை வைத்தவர் மனுஷ சுபாவம் தெரிந்தவர். எவ்வளவு பேர் வர மாட்டார்கள் என்பதையும் எண்ணித்தான் வைத்திருப்பார் போல.

கணக்கில் வராத பாடு

கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தால் ஊரெல்லாம் விதை வங்கி இருக்க வேண்டுமே, ஏன் இல்லை? பாடு அதிகம், அதனால்தான்.

ஜெயராமன் சேகரித்த வகைகள் 170க்கு மேல். நெல் விதையை நம்ம வீட்டுச் சேமிப்பில் வருஷக் கணக்கில் வைத்திருக்க முடியாது. ஒரு வருஷம் தாண்டினால் முளைப்பு இறங்க ஆரம்பிக்கும். எனவே ஒவ்வொரு வகையையும் வருஷா வருஷம் விதைத்து, அறுத்து, புது விதையாக எடுத்தாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாத்தி, தனி நாற்று, தனி அறுப்பு, தனிக் களம், தனி மூட்டை, தனிச் சீட்டு. 70 நாள் சொச்சத்தில் வருகிற பூங்காரும் 180 நாள் காட்டுயானமும் ஒரே நிலத்தில் நின்றால் அறுவடை ஆளை எத்தனை தடவை கூப்பிட வேண்டும் என்று யோசியுங்கள். ஒரு வருஷம் விட்டால் ஒரு வகை போச்சு. வங்கியில் ஒருநாள் கணக்கை மறுநாள் சரி பண்ணலாம். இங்கே அது நடக்காது.

நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் பூவில் கலப்பது குறைவு. கலப்பு பெரும்பாலும் நம்ம கையால்தான் நடக்கும். களத்தில் முந்தின நாள் அடித்த நெல் நாலு மணி ஒட்டியிருக்கும். சாக்கின் மூலையில் பத்து மணி ஒளிந்திருக்கும். போன போகத்து உதிர் நெல் தானாக முளைத்து நிற்கும். இதை வயலில் இறங்கி, பூக்கும்போது ஒரு தடவை, கதிர் முற்றும்போது ஒரு தடவை, கலவன் எடுத்தாக வேண்டும். உயரத்தில் வித்தியாசம், இலை நிறத்தில் வித்தியாசம், மணியின் மூக்கில் வித்தியாசம். கண் பழகணும். அலுவலர் எனக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு போகம் முழுக்க ஆனது.

வைப்பது தனி வேலை. நன்றாகக் காய வைத்து, கடித்தால் 'டக்'கென்று உடைகிற பதத்தில், நொச்சி இலையோ வேப்பிலையோ போட்டுக் கட்ட வேண்டும். வைக்கோல் பிரி சுற்றி விதைக்கோட்டை கட்டுகிற ஆள் எங்க பக்கத்தில் இப்போது கிடைப்பதில்லை. நாங்கள் மண்பானையில் வைத்து வாயைத் துணியால் கட்டுகிறோம்.

இந்தப் பாட்டை வருஷத்துக்கு 170 தடவை பட்டவர் ஜெயராமன். கூட நாலு பேர் கை கொடுத்திருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் தலை வலிக்கிற ஆள் ஒருத்தர்தானே.

ஆத்தூர் கிச்சிலி

சேலம் பக்கத்துக்காரனுக்கு டெல்டா நெல் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்க பூமி செம்மண். மரவள்ளி, மஞ்சள், பாக்கு, பூ, கடலை என்றுதான் கண்ணுக்குத் தெரியும். ஏரிப் பாசனமும் கிணறும் இருக்கிற இடத்தில் நெல்லும் எப்போதும் இருந்தது. கிச்சிலி சம்பாவுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற ஆத்தூர் நம்ம சேலம் மாவட்டத்து ஆத்தூர்தான். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கின நெல் எங்க ஊரில் ஒரு சாக்கு விதை கிடைக்காமல் போய், டெல்டாவில் ஒருத்தர் காப்பாற்றி, சுற்றி வளைத்துத் திரும்பி வந்திருக்கிறது. தன் ஊருக்கு மாறுதல் வாங்கி வந்த மாதிரி.

135 முதல் 140 நாள். சன்னமான வெள்ளை அரிசி. சிவப்பரிசி பிடிக்காத என் பேரப் பிள்ளைகள் இதைச் சத்தமில்லாமல் சாப்பிடுகிறார்கள். காற்று மழையில் சாயத்தான் செய்யும், அதை மறைக்கக் கூடாது. எரு அதிகம் வைத்தால் இன்னும் சாயும். அளவாக வைத்தால் நிற்கும். வைக்கோல் மாட்டுக்கு நல்ல தீனி, குட்டை ரகத்தில் இவ்வளவு வைக்கோல் வராது.

24 நாள் குறைய ஐந்து வருஷம்

2013 கடைசியில் மீத்தேன் திட்டத்துக்கு எதிராக டெல்டாவில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார் நம்மாழ்வார். 75 வயசு. டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் மூச்சு நின்றது. கரூர் மாவட்டம் கடவூர் சுருமான்பட்டியில் அவர் 2009இல் தொடங்கிய வானகத்தில் விதைக்கப்பட்டார். நம்ம இயக்கத்தில் அடக்கம் என்று சொல்வதில்லை.

ஜெயராமன் அதற்குப் பிறகு 24 நாள் குறைய ஐந்து வருஷம் இருந்தார். அந்த வருஷங்களில் அவர் என்ன செய்தார் என்று பார்த்தால் புதிதாக ஒன்றுமே இல்லை. அதே திருவிழா, அதே 2 கிலோ, அதே 4 கிலோ. நாளிதழில் ஒவ்வொரு நெல்லாக எடுத்து, எந்த மண்ணுக்கு வரும், எத்தனை நாள், என்ன குணம் என்று எழுதினார். மேடையில் நின்று ஐயாவைப் பற்றிப் பேச அவருக்குத் தெரியாமல் இல்லை, பேசியும் இருக்கிறார். ஆனால் அவர் ஐயாவை நினைத்துக்கொண்ட விதம் என்று எனக்குப் படுவது, ஒரு வருஷம் கூட விடாமல் அந்த விதைகளை மண்ணில் போட்டதுதான். கூட நடந்தவர் நின்றுவிட்டார், நடை நிற்கவில்லை.

புற்றுநோய் வந்தது. நோயோடும் திருவிழா நடந்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறியபோது அவர் சென்னையில் மருத்துவமனைப் படுக்கையில். அவர் ஊர்ப் பக்கம் தென்னை எல்லாம் வேரோடு விழுந்து, கூரைகள் பறந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது. மூன்று வாரம் கூட ஆகவில்லை, டிசம்பர் 6 அதிகாலையில் போய்விட்டார். 50 வயசு. வங்கியில் என்றால் இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிற வயசு.

2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் பட்ஜெட்டில் நெல் ஜெயராமன் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கம் அறிவித்தார்கள். அரசு விதைப் பண்ணைகளில் மரபு நெல்லைப் பெருக்கி மானிய விலையில் உழவர்களுக்குக் கொடுக்கிற திட்டம். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஒருகாலத்தில் இந்த நெல்லையெல்லாம் ஒதுக்கச் சொன்ன துறையே இப்போது பெருக்குகிறது என்றால் அது சின்ன விஷயமா? ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்ல வேண்டும். மானியத்தில் வாங்கினவன் ரசீது வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவன் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை. பட்ஜெட்டில் நிதி இருக்கிற வரைக்கும் விதை இருக்கும். 2 கிலோ வாங்கினவன் அடுத்த வருஷம் கொடுத்தவர் முகத்தில் முழிக்க வேண்டும். "எப்படி வந்துச்சு? சாஞ்சுதா? எத்தனை மூட்டை?" என்று நாலு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். அந்த நாலு வார்த்தையில்தான் அடுத்தவன் பழகுகிறான். எல்லா விதையும் கவுண்ட்டர் வழியாகவே போய்வர ஆரம்பித்தால், ஒரு வருஷம் கவுண்ட்டர் திறக்காவிட்டால் என்ன செய்வோம் என்பது என் பயம். கவுண்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

எங்க பேரேடு

அலுவலரும் நானும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். அட்டையில் 'விதைப் பேரேடு' என்று அவர் கையெழுத்து. பெயர், ஊர், தேதி, கொடுத்தது, வந்தது என்று ஐந்து கலம். நாலு வருஷத்தில் 23 பேருக்கு 46 கிலோ கொடுத்திருக்கிறோம். 11 பேர் திருப்பினார்கள், 44 கிலோ. இரண்டு கிலோ துண்டு விழுகிறது. என் வயலில் இருந்து போட்டு நேர் பண்ணிவிட்டேன். திருப்பாதவர்களில் ஒருத்தர் போனில் வெளிப்படையாகச் சொன்னார்: "மக வளைகாப்புக்குப் பொங்கிப் போட்டுட்டோமுங்க. சோறு நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க." என்ன செய்வது, அதையும் குறிப்புக் கலத்தில் எழுதி வைத்தோம்.

வாழப்பாடி பக்கத்தில் இருந்து ஒரு அம்மா போன தை மாசம் பஸ் ஏறி வந்து 4 கிலோவைக் கொடுத்தார். கூடவே இன்னொரு சின்னப் பொட்டலம். "இது எங்க மாமியார் வச்சிருந்த நெல்லுங்க. பேரு தெரியல. குதிர்ல அடியில கிடந்துச்சு. முளைக்குமான்னு பாருங்க" என்றார். முளைத்தது முப்பத்தி ஏழே நாற்று. தனிப் பாத்தியில் நிற்கிறது. இடுப்பு உயரம் வந்துவிட்டது, கதிர் இன்னும் வெளியே வரவில்லை. மணியைப் பார்த்த பிறகுதான் என்ன வகை என்று அலுவலர் சொல்லுவார்.

இந்த வருஷக் கிச்சிலி பால் பிடித்திருக்கிறது, தை பிறந்ததும் அறுப்பு. விதை வேண்டுகிறவர்கள் பங்குனிக்குள் சொல்லிவிடுங்கள், ஆடிக்கு முன்னால் கையில் வாங்கிக்கொள்ளலாம். ஒன்பது பேருக்குத்தான் இருக்கும். துணிப்பை கொண்டு வர வேண்டும், பிளாஸ்டிக் உறையில் தர மாட்டோம். நேரில் வர வேண்டும், பார்சல் கிடையாது. ஒற்றை நாற்று நடவு தெரியாதவர்கள் ஒரு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள், சோறு எங்க வீட்டில்.

நாளைக்கு அலுவலர் முதல் பஸ்ஸில் வருகிறார். மூன்றாவது பாத்தியில் ஏழெட்டுக் கலவன் தலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பனி காய்வதற்குள் இறங்கி எடுத்துவிட வேண்டும்.